ஆள் வந்தால் எரியும், போனால் அணையும்! மோஷன் சென்சார் லைட் எங்கே லாபம், எங்கே வீண்?

ராத்திரி 2 மணிக்கு அபார்ட்மென்ட் படிக்கட்டில் எத்தனை பேர் ஏறி இறங்குவார்கள்? அநேகமாக ஒருவர்கூட இருக்க மாட்டார். ஆனாலும் ஒவ்வொரு மாடியிலும் டியூப்லைட் விடிய விடிய எரிந்துகொண்டிருக்கும். கார் பார்க்கிங்கில் வரிசையாக நிற்கும் வண்டிகளுக்குப் பளிச்சென்று வெளிச்சம். காலையில் வாட்ச்மேன் ஸ்விட்சை அணைக்க மறந்துவிட்டால், 9 மணி வெயிலிலும் அதே கதைதான். ஆளே இல்லாத இடத்தில் எரியும் இந்த வெளிச்சத்துக்கான பணம், மாதப் பராமரிப்புக் கட்டணமாக எல்லோர் வீட்டிலிருந்தும்தான் போகிறது.

"பேசாம சென்சார் லைட் போட்டுடலாமே" என்று சங்கக் கூட்டத்தில் ஒருவர் சொல்வார். "நான் ஆபீஸ் முடிஞ்சு 11 மணிக்கு வர்றேன். இருட்டுக்குள்ளயா நுழையணும்?" என்று இன்னொருவர் கேட்பார். "எங்கம்மாவுக்கு மூட்டு வலி, ஒவ்வொரு படியா நின்னு நின்னுதான் ஏறுவாங்க. பாதியில லைட் அணைஞ்சுட்டா என்ன பண்றது?" என்பார் மூன்றாமவர்.

மூன்று பேர் சொல்வதிலுமே நியாயம் இருக்கிறது. சென்சார் லைட் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால், மூவருக்கும் பதில் கிடைத்துவிடும். எந்த இடத்தில் அது காசை மிச்சப்படுத்தும், எந்த இடத்தில் வெறும் அலங்காரம் என்பதும் புரிந்துவிடும்.

சென்சார் பார்ப்பது உங்கள் சூட்டை!

வெள்ளை நிறத்தில், பாதிப் பந்து போல, சின்னச் சின்னக் கட்டங்கள் போட்ட பிளாஸ்டிக் மூடியோடு சீலிங்கில் ஒட்டிக்கொண்டிருக்குமே, அதுதான் பி.ஐ.ஆர் சென்சார். 'பேஸிவ் இன்ஃப்ராரெட்' என்பதன் சுருக்கம். நிறைய பேர் அதை கேமரா என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது படம் எடுக்காது. உங்கள் முகமும் அதற்குத் தெரியாது. அதற்குத் தெரிவதெல்லாம் வெப்பம் மட்டும்தான்.

நம் எல்லோர் உடம்பிலிருந்தும் அகச்சிவப்புக் கதிர்கள் வெளியேறிக்கொண்டே இருக்கின்றன. கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான். பி.ஐ.ஆர் சென்சாருக்குள் இருக்கும் ஒரு சிறிய பொருள், தன்மீது விழும் இந்தக் கதிரின் அளவு மாறும்போதெல்லாம் மிகச் சிறிய மின்னூட்டத்தை உண்டாக்கும். இப்படி 2 பகுதிகள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். இரண்டையும் எதிரெதிராக இணைத்திருப்பார்கள். சுவர், தரை, நிற்கும் பைக் எல்லாம் இரண்டு பகுதிகளுக்கும் ஒரே மாதிரி வெப்பத்தை அனுப்புவதால், ஒன்றை ஒன்று கழித்துவிட்டுக் கணக்கு பூஜ்யமாகிவிடும். நீங்கள் குறுக்கே நடக்கும்போது உங்கள் உடல் சூடு முதலில் ஒரு பகுதியில் விழும், அடுத்து மற்றொன்றில் விழும். அந்த ஏற்ற இறக்கத்தைப் பார்த்துத்தான் 'ஆள் வந்தாச்சு' என்று சென்சார் முடிவு செய்கிறது. உடனே உள்ளே இருக்கும் ரிலே 'டிக்' என்று ஸ்விட்சைப் போடுகிறது.

மேலே உள்ள கட்டம் போட்ட மூடி சும்மா அழகுக்கு இல்லை. அதன் பெயர் ஃப்ரெனெல் லென்ஸ். பிரான்ஸைச் சேர்ந்த அகஸ்டின் ஃப்ரெனெல், 1820-களில் கலங்கரை விளக்கங்களுக்காக உருவாக்கிய லென்ஸின் சின்னத் தம்பி இது. அறையைப் பல துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டிலிருந்தும் வரும் வெப்பத்தைச் சென்சார் மீது குவிக்கும். ஒரு துண்டிலிருந்து அடுத்த துண்டுக்கு நீங்கள் காலெடுத்து வைத்தால் அதற்குத் தெரிந்துவிடும்.

இதிலிருந்து 4 விஷயங்கள் புரியும்.

* குறுக்கே நடந்தால் சட்டென்று எரியும். நேராக நோக்கி வந்தால் தாமதமாகும். நேரே வரும்போது நீங்கள் ஒரே துண்டுக்குள்ளேயே ரொம்ப நேரம் இருப்பீர்கள்.
* அசையாமல் இருந்தால் அணைந்துவிடும். மாற்றம் இருந்தால்தான் அதற்குத் தெரியும். டாய்லெட்டில் உட்கார்ந்திருக்கும்போது லைட் அணைந்து, கையை ஆட்ட வேண்டியிருப்பது இதனால்தான்.
* கண்ணாடிக்குப் பின்னால் தெரியாது. நம் உடம்பிலிருந்து வரும் வெப்பக் கதிரை ஜன்னல் கண்ணாடி தடுத்துவிடும்.
* வெயில் காலத்தில் கொஞ்சம் மந்தமாகும். நம் தோலின் மேற்பரப்பு சுமார் 33, 34 டிகிரி செல்சியஸ் இருக்கும். மே மாதச் சாயங்காலத்தில், பகலெல்லாம் வெயில் குடித்த சுவரும் ஏறக்குறைய அதே சூட்டில் இருக்கும். ஆளுக்கும் சுவருக்கும் வித்தியாசம் குறைந்தால், சென்சாருக்குத் தடுமாற்றம்தான். ஊரில் மழைக்காலத்தில் நன்றாக வேலை செய்த சென்சார் கோடையில் சொதப்பினால், உடனே கழற்றி எறிந்துவிடாதீர்கள்.

இன்னொரு வகை: ரேடார்

இப்போது கடைகளில் 'ரேடார் பல்பு', 'மைக்ரோவேவ் சென்சார் டியூப்லைட்' என்று நிறைய வருகின்றன. இவை பி.ஐ.ஆர் மாதிரி சும்மா பார்த்துக்கொண்டிருப்பதில்லை. தாங்களே மெல்லிய ரேடியோ அலைகளை அனுப்புகின்றன. பெரும்பாலானவை 5.8 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்குகின்றன. நகரும் பொருளில் பட்டுத் திரும்பும் அலையின் அதிர்வெண் லேசாக மாறும். ஆம்புலன்ஸ் நம்மை நெருங்கும்போது சைரன் ஒரு மாதிரியும், தாண்டிப் போகும்போது வேறு மாதிரியும் கேட்கிறதல்லவா? அதே டாப்ளர் விளைவுதான் இங்கேயும்.

ரேடார் வகைக்குக் கோடை வெயில் பிரச்னை இல்லை. பிளாஸ்டிக் கவருக்குள்ளேயே ஒளித்து வைத்துவிடலாம், தனியாகத் துருத்திக்கொண்டு நிற்காது. ஆனால், அந்த அலைகள் மெல்லிய சுவர், மரக் கதவு, கண்ணாடி எல்லாவற்றையும் தாண்டும். பக்கத்து வீட்டுக்காரர் அவர் ஹாலில் நடந்தாலும், உங்கள் வராந்தா லைட் எரியலாம். சுழலும் மின்விசிறியைக்கூட ஆள் என்று நினைத்துக்கொள்ளும். திறந்த பார்க்கிங், நீளமான காரிடார் போன்ற இடங்களுக்கு இது சரி. சுவரோடு சுவர் ஒட்டிய சின்ன அறைகளுக்கு பி.ஐ.ஆர் நல்லது.

இப்போ கணக்குக்கு வருவோம்

சென்சார் மின்சாரத்தை மிச்சம் பிடிக்கிறது என்பது பாதி உண்மை. ஆள் இல்லாத நேரத்தில் எரியும் வெளிச்சத்தை மட்டும்தான் அது மிச்சம் பிடிக்கும். அப்படி வீணாகும் நேரம் குறைவாக இருந்தால், மிச்சமும் குறைவுதான். அதோடு, லைட் அணைந்திருக்கும்போதும் சென்சார் விழித்துக்கொண்டுதானே இருக்கிறது? அதற்கும் கொஞ்சம் கரன்ட் வேண்டும். பல மாடல்களில் இது சுமார் அரை வாட்.

முதல் கணக்கு, வீட்டு பாத்ரூம்: 9 வாட் எல்.இ.டி பல்பு. வீட்டில் இருப்பவர்கள் அணைக்க மறப்பதால் தினமும் 2 மணி நேரம் வீணாக எரிகிறது என்று வைத்துக்கொள்வோம். 9 வாட், 2 மணி நேரம், 30 நாள் என்று பெருக்கினால் மாதத்துக்கு 0.54 யூனிட். சென்சார் 24 மணி நேரமும் குடிக்கும் அரை வாட், மாதத்துக்கு 0.36 யூனிட். ஆக, நிஜமான மிச்சம் 0.18 யூனிட். ஒன்றரை டன் ஏ.சி-யைச் சில நிமிடங்கள் முன்னதாக அணைத்தாலே இது கிடைத்துவிடும். 60 வாட் குண்டு பல்பு காலத்தில் இதே சென்சார் பெரிய லாபம் கொடுத்திருக்கும். 2015-ல் தொடங்கிய உஜாலா திட்டத்துக்குப் பிறகு எல்.இ.டி வீடு வீடாகப் பரவிவிட்டதால், கணக்கே மாறிவிட்டது. பாத்ரூமில் வசதிக்காகச் சென்சார் போடுங்கள், தப்பில்லை. கரன்ட் பில் குறையும் என்று மட்டும் காத்திருக்காதீர்கள்.

இரண்டாவது கணக்கு, அபார்ட்மென்ட் பொது இடம்: படிக்கட்டு, காரிடார், பார்க்கிங் எல்லாம் சேர்த்து 20 வாட் எல்.இ.டி டியூப்லைட் 20 இருக்கின்றன. மாலை 6 மணி முதல் காலை 6 மணிவரை எரிகின்றன. ஒரு ராத்திரிக்கு 4.8 யூனிட். 2 மாத பில்லுக்கு 288 யூனிட்.

இதில் கேட், லிஃப்ட் வாசல், படிக்கட்டின் அடி, மீட்டர் போர்டு ஆகிய 4 இடங்களில் லைட் எப்போதும்போல எரியட்டும். மீதி 16 லைட்டுக்கு மட்டும் சென்சார். ஒவ்வொன்றும் ராத்திரி முழுக்கச் சேர்த்து 2 மணி நேரம் எரிகிறது என்று வைத்துக்கொள்வோம். சென்சார் குடிக்கும் கரன்டையும் சேர்த்தால், 2 மாதத்துக்குச் சுமார் 108 யூனிட்தான் வரும். மிச்சம் 180 யூனிட்!

ரூபாயில் எவ்வளவு? தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு 2 மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். அபார்ட்மென்ட்டின் பொது இணைப்புக்கு அந்தச் சலுகை கிடையாது. 2022 செப்டம்பர் கட்டண மாற்றத்தில் பொதுப் பயன்பாட்டுக்கு யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று தனிக் கட்டணம் வந்தது. 2023-ல், லிஃப்ட் இல்லாத, 10 வீடுகளுக்கும் 3 மாடிகளுக்கும் மிகாத சிறிய குடியிருப்புகளுக்கு மட்டும் 5 ரூபாய் 50 காசாகக் குறைத்தார்கள். பிறகும் கட்டணங்கள் மாறியிருக்கின்றன என்பதால், உங்கள் பொது மீட்டர் பில்லில் இருக்கும் தொகையைப் போட்டுப் பாருங்கள். 8 ரூபாய் என்றே வைத்துக்கொண்டால், 2 மாதத்துக்கு 1,440 ரூபாய் மிச்சம். வருடத்துக்கு 8,600 ரூபாயைத் தாண்டும். ஒரு சென்சார் 500 ரூபாய் என்று வைத்தால், 16-க்கு 8,000 ரூபாய். எலெக்ட்ரீஷியன் கூலியையும் சேர்த்தால், போட்ட பணம் ஓராண்டுக்குச் சற்று மேல் திரும்பிவிடும். அதன் பிறகு வருவதெல்லாம் லாபம்தான்.

ஒரே கருவிதான். ஓரிடத்தில் டீ காசுகூட மிஞ்சாது, இன்னோர் இடத்தில் ஆயிரக்கணக்கில் மிஞ்சும். எனவே, வாங்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: 'இங்கே ஆள் இல்லாமல் எத்தனை மணி நேரம் லைட் எரிகிறது?'

'இருட்டுல நிக்கணுமா?'

மிச்சம் பிடிக்கிறோம் என்று எல்லா லைட்டையும் சென்சாரில் போட்டுவிட்டால், வெளியிலிருந்து பார்க்கும்போது கட்டடமே இருண்டு கிடக்கும். தனியாக வரும் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் அந்தச் சில நொடி இருட்டுகூட பயம்தான். அதனால்தான் மேலே சொன்ன கணக்கில் 4 லைட்டைத் தொடவில்லை.

பார்க்கிங்குக்கு இன்னும் நல்ல வழி ஒன்று உண்டு. ஆள் இல்லாதபோது முழுக்க அணையாமல், மங்கலாக எரிந்துகொண்டே இருந்து, ஆள் வந்ததும் முழு வெளிச்சம் தரும் எல்.இ.டி விளக்குகள் கிடைக்கின்றன. மிச்சம் கொஞ்சம் குறையும். ஆனால், இருட்டு என்ற பேச்சுக்கே இடமில்லை. காம்பவுண்ட் சுவரில் மாட்டும் சோலார் சென்சார் விளக்குகள் பலவற்றிலும் இந்த வசதி இருக்கிறது.

'பாதிப் படியில அணைஞ்சுட்டா?'

மெதுவாகப் படியேறுபவர்களின் பயத்துக்கு, சென்சாரில் இருக்கும் திருகுகளில்தான் பதில் இருக்கிறது. நிறைய மாடல்களில் 3 சின்னத் திருகுகள் இருக்கும். மாட்டியதோடு சரி, அவற்றை யாரும் தொடுவதே இல்லை.

* நேரம்: கடைசியாக அசைவு தெரிந்ததிலிருந்து எவ்வளவு நேரம் எரிய வேண்டும் என்பது. சில விநாடிகளில் தொடங்கிப் பல நிமிடங்கள்வரை வைக்கலாம். படிக்கட்டுக்கு 2, 3 நிமிடங்கள் வையுங்கள். உங்கள் கட்டடத்தில் மிக மெதுவாக நடப்பவர் ஒரு மாடி ஏற எவ்வளவு நேரம் ஆகிறதோ, அதைவிட ஒரு நிமிடம் கூடுதலாக இருக்க வேண்டும். டாய்லெட்டுக்கு 5 நிமிடங்களுக்கு மேல் வைப்பது நல்லது.
* வெளிச்சம்: எவ்வளவு இருட்டினால் வேலை செய்ய வேண்டும் என்பது. சூரியன், நிலா படம் போட்டிருக்கும். நிலா பக்கம் திருப்பினால் நன்றாக இருட்டிய பிறகுதான் எரியும். பகலில் எரியக் கூடாது என்றால் இதைச் சரியாக வைத்தாக வேண்டும்.
* தூரம்: எவ்வளவு தள்ளி இருக்கும் அசைவைக் கவனிக்க வேண்டும் என்பது. அதிகமாக வைத்தால் தெருவில் போகிறவருக்கும் உங்கள் வாசல் லைட் எரியும்.

மாட்டியதும் ஒரு சின்ன சோதனை செய்யுங்கள். நேரத்தைக் குறைந்தபட்சமாகவும், வெளிச்சத்தைச் சூரியன் பக்கமும் வைத்துவிட்டு நடந்து பாருங்கள். எந்த இடத்தில் காலை வைக்கும்போது எரிகிறது என்று கவனியுங்கள். முதல் படியில் கால் வைப்பதற்கு முன்பே எரிய வேண்டும். 2 படி ஏறிய பிறகு எரிந்தால், சென்சார் இடம் தப்பு. திருப்பத்துக்குத் திருப்பம் ஒரு சென்சார் இருப்பது பாதுகாப்பு.

மாட்டும்போது கவனிக்க வேண்டியவை

* பல சென்சார்களுக்கு பேஸ், நியூட்ரல் இரண்டும் வேண்டும். நம் வீட்டு ஸ்விட்ச் போர்டில் சில நேரம் நியூட்ரல் வயர் இருக்காது. எலெக்ட்ரீஷியனை வைத்தே செய்யுங்கள். மெயினை அணைக்காமல் கை வைக்கவே கூடாது.
* சென்சாரைத் தாண்டி நேரடியாக லைட் போட ஒரு தனி ஸ்விட்சும் வைக்கச் சொல்லுங்கள். சென்சார் பழுதானாலும், யாருக்காவது உடம்பு சரியில்லாமல் ராத்திரியில் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியிருந்தாலும், லைட்டைத் தொடர்ந்து எரியவிடலாம்.
* அட்டையில் '1,200 வாட்' என்று பெரிதாகப் போட்டிருக்கும். அது குண்டு பல்புக்கான அளவு. எல்.இ.டி-க்கான அளவு அதைவிடக் குறைவாகத் தனியாகப் போட்டிருக்கும், அதைத்தான் பார்க்க வேண்டும். எல்.இ.டி விளக்குகள் எரியத் தொடங்கும் கணத்தில் சட்டென்று அதிக மின்னோட்டத்தை இழுக்கும். ஒரே சென்சாரில் நிறைய லைட்டைக் கோத்துவிட்டால், ரிலே ஒட்டிக்கொண்டு லைட் அணையவே அணையாது.
* சி.எஃப்.எல், சோக் வைத்த பழைய டியூப்லைட் ஆகியவற்றோடு சென்சாரைச் சேர்க்காதீர்கள். அடிக்கடி போட்டு அணைத்தால் அவற்றின் ஆயுள் குறையும். எல்.இ.டி-க்கு அந்தக் கவலை பெரிதாக இல்லை.
* மழைச்சாரல் படும் இடமென்றால் ஐ.பி.44 அல்லது அதற்கு மேல், நேராக மழையில் நனையுமென்றால் ஐ.பி.65 என்று அட்டையில் இருக்கிறதா என்று பாருங்கள்.
* ஏ.சி-யின் வெளி யூனிட், அடுப்பு, வெயில் நேராக விழும் சுவர் ஆகியவற்றை நோக்கி பி.ஐ.ஆர் சென்சாரைத் திருப்பாதீர்கள். சூடான காற்று அசைந்தாலும் அதற்கு ஆள் வந்த மாதிரிதான்.
* வாடகை வீடா? வயரில் கை வைக்காமல், ஹோல்டரில் நேராக மாட்டும் சென்சார் பல்புகள் இருக்கின்றன. காலி செய்யும்போது கழற்றி எடுத்துக்கொண்டு போகலாம்.

அடிக்கடி வரும் சந்தேகங்கள்

கரன்ட் போய்த் திரும்பி வந்தால், ஆளே இல்லாமல் எரிகிறதே?
பழுது இல்லை. கரன்ட் வந்ததும் சென்சார் சுற்றுப்புறத்தைப் பழகிக்கொள்ளச் சுமார் அரை நிமிடத்திலிருந்து ஒரு நிமிடம்வரை எடுத்துக்கொள்ளும். அப்போது தானாக எரிந்து அணையும்.

பூனை, நாய்க்கெல்லாம் எரியுமா?
எரியும். அவையும் வெப்ப ரத்தப் பிராணிகள்தானே! தரையை ஒட்டிப் பார்க்காத மாதிரி சென்சாரின் கோணத்தை உயர்த்தினால் ஓரளவு குறையும். லென்ஸ் மீதே பூச்சி ஊர்ந்தாலும் எரியலாம். மாதம் ஒருமுறை காய்ந்த துணியால் துடைத்துவிடுங்கள்.

பிள்ளைகள் படிக்கும் அறையில் போடலாமா?
பி.ஐ.ஆர் வேண்டாம். ஆடாமல் அசையாமல் படிக்கும் பிள்ளையை 'இங்கே யாரும் இல்லை' என்று முடிவு செய்து இருட்டாக்கிவிடும். மூச்சுவிடும்போது நெஞ்சு ஏறி இறங்கும் அசைவைக்கூடக் கண்டுபிடிக்கும் 'மில்லிமீட்டர் வேவ்' சென்சார்கள் வந்திருக்கின்றன. விலை கூடுதல். படிக்கும் அறைக்கு, எழுந்து போகும்போது அணைக்கும் பழக்கமே சிக்கனமான சென்சார்.

பணத்தில் வராத லாபம்

மிச்சக் கணக்கில் தோற்றாலும், வீட்டுக்குள் ஓரிடத்தில் மட்டும் சென்சார் லைட் கட்டாயம் வேண்டும் என்று சொல்லலாம். வயதானவர்களின் கட்டிலுக்கும் பாத்ரூமுக்கும் இடையிலான அந்த நாலு அடி பாதை. ராத்திரி எழுந்து, 'எதுக்கு எல்லாரையும் எழுப்பணும்' என்று ஸ்விட்சைத் தேடாமல் இருட்டிலேயே சுவரைத் தடவிக்கொண்டு நடப்பார்கள். அப்போது தடுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தால், பழைய நடை திரும்ப மாதக்கணக்கில் ஆகலாம்.

கட்டிலுக்கு அடியில் அல்லது சுவரின் கீழ்ப்பகுதியில், முழங்காலுக்கும் கீழே, மங்கலான மஞ்சள் வெளிச்சம் தரும் சார்ஜ் செய்யக்கூடிய சென்சார் விளக்கு ஒன்றை ஒட்டிவிடுங்கள். வயரிங் வேண்டாம், எலெக்ட்ரீஷியன் வேண்டாம். காலைத் தரையில் வைத்ததும் எரியும். கண்ணைக் கூச வைக்காது, பக்கத்தில் தூங்குபவரையும் எழுப்பாது. தரையில் கிடக்கும் ஈரமும் செருப்பும் தெரிந்துவிடும். சார்ஜ் இருக்கிறதா என்று மட்டும் வாரம் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

சங்கக் கூட்டத்துக்கு முன்னால்...

எடுத்தவுடன் கட்டடம் முழுக்க மாற்ற வேண்டாம். பொது மீட்டரின் ரீடிங்கை இன்றைக்கே ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மாடியிலும் பார்க்கிங்கின் ஒரு வரிசையிலும் மட்டும் சென்சார் போட்டு, அடுத்த பில்வரை ஓட்டிப் பாருங்கள். அந்த 2 மாதத்தில் மெதுவாகப் படியேறும் பாட்டியிடமும், ராத்திரி லேட்டாக வருபவரிடமும் 'சரியா இருக்கா?' என்று கேளுங்கள். அவர்கள் சொல்வதற்கு ஏற்ப நேரத் திருகைக் கூட்டிக் குறையுங்கள். பில்லும் குறைந்து, அவர்கள் இரண்டு பேரும் தலையாட்டிவிட்டால், மீதி மாடிகளுக்கு ஆர்டர் போட்டுவிடலாம்!